கேட்பவர் இல்லாத சபையும் காவல் இல்லாத தோட்டமும்

(பிரதேச சபைகளில் எதிர்க்கட்சித் தலைவரின் கடமை குறித்து அக்குறணைப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

    

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. பாராளுமன்றத்தைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. உலக வல்லரசுகளைப் பற்றிப் பேசவும் வரவில்லை. பிரதேச சபை மண்டபத்திலே, தவிசாளரின் ஆசனத்திற்கு எதிர்ப்புறத்தில் இருக்கின்றதே ஒரு நாற்காலி, அந்த நாற்காலியைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறோம்.

கூட்டத்திற்கு வரும் வழியில் அன்பர் ஒருவர் எம்மை மறித்தார். "தோற்றவர் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார். நகைத்துக்கொண்டேதான் கேட்டார். நாமும் நகைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. நம் மக்களுள் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் எண்ணம் அதுதானே! வென்றவர் ஆள்வார், தோற்றவர் அழுவார், அடுத்த தேர்தல் வரும்வரை நமக்கு வேலையில்லை என்று எண்ணி நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வீட்டுக்குப் போன பிறகு மழை பெய்கிறது. மழை பெய்த பிறகு வெள்ளம் வருகிறது. வெள்ளம் வந்த பிறகு, "யார் இதைக் கேட்பது?" என்கிறோம்.

கேட்பதற்கென்றே ஒருவரை அந்த நாற்காலியில் அமர்த்தியிருந்தோம் என்பது அப்போது நமக்கு நினைவுக்கு வருவதில்லை!

சட்டத்தில் இல்லாத பதவி

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். தவிசாளர் உண்டு, உபதவிசாளர் உண்டு, உறுப்பினர்கள் உண்டு, செயலாளர் உண்டு. எதிர்க்கட்சித் தலைவருக்கென்று தனி அதிகாரம் எதையும் அந்தச் சட்டம் வகுத்து வைக்கவில்லை. அவர் கையெழுத்திட்டால் ஒரு காசோலையும் மாறாது. அவர் உத்தரவிட்டால் ஒரு மின்விளக்கும் எரியாது. வழக்கம் தந்த பெயர் அது. சட்டம் தந்த ஆசனம் அன்று.

பெரிய சபைகளின் கதை வேறு. 1826ஆம் ஆண்டு, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே ஹொப்ஹவுஸ் என்னும் உறுப்பினர், "மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி" என்று வேடிக்கையாக ஒரு சொல் சொன்னார். சபை சிரித்தது. மன்னருக்கே ஓர் எதிர்க்கட்சியா என்பதுதான் அந்த நகைச்சுவை. வேடிக்கையாகப் பிறந்த சொல் வழக்காயிற்று; வழக்கு வளர்ந்து, 1937ஆம் ஆண்டு, எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளம் கொடுக்கும் சட்டமாயிற்று. ஆட்சியை எதிர்ப்பவன் நாட்டை எதிர்ப்பவன் அல்லன் என்னும் உண்மையை ஏட்டில் எழுத அவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் சென்றது.

நம் நாட்டுப் பாராளுமன்றத்திலும் அந்த ஆசனத்திற்கு மதிப்புண்டு. 1977ஆம் ஆண்டு அமிர்தலிங்கம் அவர்களும், 2015ஆம் ஆண்டு சம்பந்தன் அவர்களும் அதில் அமர்ந்ததைத் தமிழ் பேசும் மக்கள் மறக்கவில்லை. உள்ளூராட்சி அமைச்சராக 1936ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கு மேல் பணிபுரிந்த பண்டாரநாயக்க அவர்கள், 1951ஆம் ஆண்டு அரசாங்கத்தை விட்டு வெளியேறி, 1952இல் எதிர்க்கட்சித் தலைவராகி, 1956இல் பிரதமரானார். எதிரணியின் ஆசனம் நாளைய ஆட்சியின் பள்ளிக்கூடம் என்பதற்கு இது சான்று.

ஆனால் பிரதேச சபையிலோ அந்த மதிப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. அப்படியானால் அங்கே எதிர்க்கட்சித் தலைவரிடம் என்னதான் இருக்கிறது? மூன்றே பொருள்கள் இருக்கின்றன. கேட்கும் வாய் ஒன்று. படிக்கும் கண் ஒன்று. பின்னால் நிற்கும் ஊர் ஒன்று. இம்மூன்றும் சேர்ந்தால் அந்த நாற்காலிக்கு வலிமை உண்டு. ஒன்று குறைந்தாலும் அது வெறும் பலகைதான்!

சபையே இல்லாத காலம்

அந்த வலிமையின் அருமை நமக்கு எப்போது தெரியும்? அஃது இல்லாமற் போகும்போது தெரியும்.

கண்டி இராச்சியத்திலே கம்சபாவ என்னும் ஊர்ச்சபைகள் இருந்தன. ஆற்று நீரைப் பங்கிடுவதும் வரப்புத் தகராற்றைத் தீர்ப்பதும் அவற்றின் பணி. ஆங்கிலேயர் அவற்றை முதலில் புறக்கணித்தார்கள். புறக்கணித்தபின் வாய்க்காலும் குளமும் தூர்ந்ததைக் கண்டார்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கிராமச் சங்கங்களுக்கு உயிர் கொடுத்தார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கண்டி மாநகருக்கு 1865ஆம் ஆண்டிலேயே மாநகர சபை வந்துவிட்டது.

அந்தக் கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டன. மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அதிகாரம் ஊரைவிட்டு நகர்ந்து மாவட்டத் தலைநகருக்குப் போயிற்று. 1988இல் பிரதேச சபைகள் பிறந்தன. 1991ஆம் ஆண்டுதான் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. பத்தாண்டுக் காலம், தன் வாசற்படியில் நிற்கும் பிரதிநிதி யார் என்பதை ஊரவன் வாக்களித்துத் தீர்மானிக்க முடியாதிருந்தது.

பழங்கதை என்பீர்கள். சரி, நேற்றைய கதைக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் நாள் நடந்திருக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் நாள் நடந்தது. புதிய சபைகள் 2025 ஜூன் மாதம் தொடங்கின.

இடையில் கழிந்த இரண்டாண்டுகளை நினைத்துப் பாருங்கள். சபைகளின் நிருவாகம் அதிகாரிகளின் கையில் இருந்தது. அவர்களை நாம் குறை கூறவில்லை. சட்டம் இட்ட பணியை அவர்கள் செய்தார்கள். சோலைவரி வசூலானது, கடிதங்கள் வந்தன, போயின. ஆனால் ஒன்று மட்டும் இல்லை. மாதாந்தக் கூட்டம் இல்லை. எழுந்து நின்று, "இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்க ஒரு குரல் இல்லை. தோட்டத்தில் மரங்கள் நின்றன, காவல்காரன் இல்லை. காய் காய்த்தது, எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. சாதிக்காய் மரம் வைத்திருக்கும் விவசாயிக்கு இதற்குமேல் நாம் விளக்கம் சொல்ல வேண்டுமா?

நாம் கண்ட இரு காட்சிகள்

இனி, சபை இருந்தும் கேள்வி இல்லாத நிலையைப் பாருங்கள். நாம் ஒருமுறை ஒரு பிரதேச சபையின் கூட்டத்தைப் பார்வையாளராகக் காணச் சென்றோம். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். ஊரின் பெயர் இங்கே முக்கியமில்லை. ஒரு நூலகத் திறப்பு விழாக் கல்வெட்டில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்று எதிரணியினர் ஒரு மணி நேரம் முழங்கினார்கள். மேசை தட்டப்பட்டது. தாள்கள் பறந்தன. இறுதியில் வெளிநடப்பும் நடந்தது. அவர்கள் வெளியே சென்றதும், மிகுதியாயிருந்த விடயங்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் நிறைவேறின. அவற்றுள் ஒன்று, ஒரு மதகு கட்டுவதற்கான ஒப்பந்தம். அடுத்த பெருமழைக்கு அந்த மதகு நிற்கவில்லை. கல்வெட்டு நின்றது!

வேறோர் ஊரில் வேறொரு காட்சி. எதிர்க்கட்சித் தலைவர் வயது முதிர்ந்தவர். மேடைப் பேச்சு அவருக்கு வராது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு கொப்பி அவர் கையில் இருந்தது. எழுந்தார். மூன்று கேள்விகள் கேட்டார். "இந்த வீதியின் நீளம் மதிப்பீட்டில் ஓர் அளவாகவும் பட்டியலில் வேறோர் அளவாகவும் இருக்கிறதே, எது சரி? கேள்விப்பத்திரம் எத்தனை பேர் கொடுத்தார்கள்? வேலை முடிந்ததென்று யார் பார்த்துச் சான்றளித்தார்கள்?" கேட்டுவிட்டு அமர்ந்தார். தவிசாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த கூட்டத்தில் பதில் தருகிறேன்" என்றார். பட்டியல் திருத்தப்பட்டது. ஆரவாரம் இல்லை, மாலை இல்லை, மறுநாள் பத்திரிகையில் படமும் இல்லை. ஊரின் பணம் ஊரிலேயே நின்றது.

இவ்விருவருள் யார் எதிர்க்கட்சித் தலைவர்? நீங்களே சொல்லுங்கள்.

கணக்கே முதல் கடமை

ஆதலால், எதிர்க்கட்சித் தலைவரின் முதற்கடமை கணக்கைப் படிப்பது என்போம். இது மேலைநாட்டார் நமக்குச் சொல்லித்தந்த பாடமன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. குடவோலை மூலம் ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிவு செய்த முறையை அவை கூறுகின்றன. யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்றும் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய உறவினரும் நிற்க முடியாது! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனைக் கல்லிலே எழுதி விலக்கி வைத்த மரபு நம்முடையது.

இன்று நம் நாட்டில் உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் திணைக்களம் ஆய்வு செய்கிறது. அந்த அறிக்கை சபைக்கு வருகிறது. வந்தபின் என்ன ஆகிறது? படிப்பவர் இருந்தால் அது வாளாகும்; படிப்பவர் இல்லையேல் அலமாரியில் தூசு படியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தக் குடிமகனும் ஒரு விண்ணப்பத்தின் மூலம் சபையின் ஆவணங்களைக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குச் சட்டம் கொடுக்காத வலிமையை, குடிமகன் என்ற முறையில் இந்தச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்களுக்கும் கொடுத்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டியவர்கள் பட்டதாரிகள் மட்டுமல்லர். 1994 டிசம்பரில், இராஜஸ்தானத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில், ஏழைத் தொழிலாளர்கள் கூடி, தங்கள் ஊர் வேலைகளின் கணக்கை உரக்கப் படிக்கச் செய்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதை அந்தப் பெயருக்குரியவர்களே கேட்டுத் திகைத்தார்கள். அத்தகைய கூட்டங்களிலிருந்து எழுந்த குரல்தான் 2005ஆம் ஆண்டு இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமாக மலர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கணக்குக் கேட்டார்கள். படித்த நாம் வாளாவிருக்கலாமா?

கவிழ்ப்பதற்கா, காப்பதற்கா?

இரண்டாவதாக ஒன்று சொல்வோம். எதிர்ப்பது வேறு, கவிழ்ப்பது வேறு.

ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, எதிரணியின் கையில் ஒரு பெரிய ஆயுதம் கிடைக்கிறது. யாழ்ப்பாண மாநகர சபையின் கதையை நீங்கள் அறிவீர்கள். 2020 டிசம்பரில் அங்கே பாதீடு இருமுறை தோற்றது. மேயராயிருந்த ஆனோல்ட் அவர்கள் பதவியை இழந்தார். டிசம்பர் 30ஆம் நாள் மணிவண்ணன் அவர்கள் 21 வாக்குகளுக்கு 20 என்ற கணக்கில் மேயரானார். அவர் சரியா, இவர் சரியா என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஒரே ஒரு வாக்கு ஒரு மாநகரின் தலைமையை மாற்றிவிடும் என்பதை மட்டுமே காட்டுகிறோம்.

2018 முதல் நடைமுறையிலுள்ள கலப்புத் தேர்தல் முறையில், வட்டாரத்தில் வென்றவர்களும் விகிதாசாரத்தில் வந்தவர்களும் சேர்ந்து சபை அமைகிறது. ஆதலின் பல சபைகளில் எந்த ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இருப்பதில்லை. ஒரு வாக்கின் விலை ஏறுகிறது. விலை ஏறும் இடத்தில் வாங்குபவனும் விற்பவனும் வந்துவிடுகிறார்கள்! எதிர்க்கட்சித் தலைவருக்குச் சோதனை வருவது இங்கேதான். பாதீட்டை எதிர்க்கிறாரா? எதிர்க்கட்டும். ஆனால் எந்தப் பகுதி தவறு, எந்தத் தொகை மிகை, அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எதிர்க்கட்டும். அந்தக் காரணம் கூட்டறிக்கையில் பதியட்டும். தவிசாளர் அதனை ஏற்றுத் திருத்தினால், கையுயர்த்தி ஆதரிக்கவும் அவருக்குத் துணிவு வேண்டும். காரணமில்லாத எதிர்ப்பும் காரணமில்லாத ஆதரவும் ஒரே கடையில் விற்கப்படும் சரக்குகள் என்பது நமது கருத்து.

நல்லதை ஆதரித்தால் கட்சி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கெடாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தைச் சூழ்ந்த வன்செயல் தெல்தெனியவிலும் திகனவிலும் தொடங்கி இந்த அக்குறணை வரை வந்ததே! கடைகள் எரிந்த அந்த நாளில், ஆளுங்கட்சிக் கடை என்றும் எதிர்க்கட்சிக் கடை என்றும் நெருப்பு பார்த்ததா? இல்லை. ஊருக்கு இடர் வரும்போது எதிரணித் தலைவர் தவிசாளரின் பக்கத்தில் நிற்க வேண்டும். இப்பிரதேசத்தில் முஸ்லிம்களோடு சிங்களவரும் தமிழரும் வாழ்கிறார்கள். அவர் தமக்கு வாக்களித்த தெருவுக்கு மட்டும் பேசுபவராக இருந்தால் அவரைத் தலைவர் என்று சொல்ல முடியாது. மலையடிவாரத்துச் சிங்கள விவசாயியின் வீதிக்கும் அவர்தான் குரல். தோட்டத் தொழிலாளியின் குடிநீருக்கும் அவர்தான் குரல்.

பிங்கா ஓயா கேட்கும் கேள்வி

மூன்றாவதாகச் சொல்லப்போவது, இவை எல்லாவற்றிலும் கடினமானது. அன்பர்களே, சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள். சிலருக்கு இது கசக்கும்.

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 பெருவீதியின் இருமருங்கும் வளர்ந்த ஊர் இது. வீதிக்கு அருகே பிங்கா ஓயா ஓடுகிறது. ஓடிச் சென்று கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலி கங்கையில் கலக்கிறது. கடும்மழை பெய்தால் அந்த ஓயா பெருவீதிக்கே வந்துவிடுகிறது. கடைகளில் நீர் புகுகிறது. மூட்டை மூட்டையாக மிளகும் கராம்பும் நனைகின்றன. யாழ்ப்பாணம் செல்லும் நெடுவீதியில் போக்குவரத்து நின்றுவிடுகிறது. இது ஒருமுறை நடந்ததன்று, பலமுறை நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது 600க்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கண்டி மாவட்டம் மிகக் கொடிய இழப்பைக் கண்டது. மலை சரிந்தது, மனைகள் புதைந்தன. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மழை இறைவன் கையில் இருக்கிறது. அதை நாம் அறிவோம். ஆனால் ஆற்றின் அகலம் யார் கையில் இருந்தது?

ஓயாவின் கரையை நெருக்கி எழுந்த கட்டடங்களும், நிரப்பிய வயல்களும், அடைபட்ட வடிகால்களும் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. பிரதேச சபைக்குச் சட்டம் ஒப்படைத்த பணிகள் மூன்று: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, பொது வீதி. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் பொறுப்பும் உள்ளூராட்சி மன்றத்தைச் சேர்ந்தது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டத்திலிருந்து அப்பொறுப்பு வருகிறது. அனுமதியின்றி எழும் சுவரைத் தடுக்கும் கடமையும் அதனோடு சேர்ந்தது.

இப்போது எதிர்க்கட்சித் தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் ஓயாவை நெருக்கிச் சுவர் எழுப்பினால் அவர் முழங்குவார். முழங்கட்டும், நன்று. அடுத்த மாதம் அவருடைய ஆதரவாளர் ஒருவர், தேர்தலில் அவருக்காகக் கால் தேய நடந்த ஒருவர், அதே கரையில் ஒரு தூண் நாட்டினால்? அப்போது அவர் வாய் திறப்பாரா? "இவன் நம்மவன், இந்த ஒரு தடவை மட்டும்" என்பாரா? இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று எல்லாக் கட்சியினரும் சொன்ன தடவைகள் சேர்ந்துதானே ஓயா ஒடுங்கியது! வெள்ளத்திற்கு ஆளுங்கட்சி தெரியாது, எதிர்க்கட்சியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பள்ளம் ஒன்றுதான்.

எதிராளியிடம் "இல்லை" என்று சொல்வது எளிது. அதற்குக் கைதட்டல் கிடைக்கும். தன்னவனிடம் "இல்லை" என்று சொல்வது அரிது. அதற்கு ஏச்சுத்தான் கிடைக்கும். அடுத்த தேர்தலில் ஒரு குடும்பத்தின் வாக்கும் போகும். ஆயினும் எந்த எதிர்க்கட்சித் தலைவர் அந்த இழப்பை ஏற்று, "என் ஆதரவாளரின் கட்டடம் ஆயினும் ஓயாவின் எல்லைக்குள் நிற்கக்கூடாது" என்று கூட்டறிக்கையில் பதிய வைக்கிறாரோ, அவருடைய மற்றக் கேள்விகளுக்கு அன்றுதான் எடை வரும். அதற்குமுன் அவர் பேசியதெல்லாம் கட்சியின் குரல். அதன்பின் பேசுவதெல்லாம் ஊரின் குரல். ஓர் எதிர்க்கட்சித் தலைவரை அளக்க நாம் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றே.

உங்களுக்கு ஒரு விண்ணப்பம்

இத்தனையும் அவர்மீது சுமத்திவிட்டு நாம் கைகட்டி நின்றால் அது அறமாகாது. பின்னால் நிற்கும் ஊர் என்று முன்னர் சொன்னோமே, அந்த ஊர் நீங்கள்தான்.

கற்றறிந்த பெருமக்களே! பிரதேச சபை தன் பணிக்குக் குழுக்களை நியமிக்கலாம். உறுப்பினரல்லாத ஊரவரையும் அக்குழுக்களில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் என்று பிரிந்து பணிபுரியும் குழுக்களுக்கு உங்கள் அறிவு வேண்டும். பொறியியலாளர் ஒருவர் ஒரு மதகின் வரைபடத்தை ஒரு மணி நேரம் பார்த்தால், எதிர்க்கட்சித் தலைவர் ஓராண்டு கத்துவதைவிட அதிகப் பயன் விளையும். கணக்காளர் ஒருவர் கணக்காய்வு அறிக்கையைப் படித்து நான்கு வரியில் எழுதிக் கொடுத்தால், சபையில் அது நாற்பது கேள்வியாகும். வழக்கறிஞர் ஒருவர் ஒரு பிரேரணையைச் சட்டத்துக்கு இசைய எழுதிக் கொடுத்தால், அதை எவராலும் ஒதுக்க முடியாது. "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்குகிறீர்கள். உங்கள் வீட்டு வாசலில் குப்பை அகற்றுவதும் அரசியல்தான். உங்கள் கூடத்தில் வெள்ளம் புகுவதும் அரசியல்தான். நீங்கள் ஒதுங்கினாலும் அது உங்களைத் தேடி வந்துவிடுகிறது.

விவசாயப் பெருமக்களே! உங்கள் மிளகு சந்தைக்கு வரும் பாதை பிரதேச சபையின் பாதை. உங்கள் தோட்டத்தின் மேற்பக்கத்து மண் சரியாமலிருக்க ஒரு வடிகால் வேண்டும். அதுவும் பெரும்பாலும் அதன் பொறுப்பில் வருவது. எங்கே நீர் தேங்குகிறது, எந்த மழைக்கு எந்தப் பாலம் ஆடுகிறது, பழைய நாளில் ஓயா எவ்வளவு அகலமாக ஓடியது என்பவை எல்லாம் எந்த அதிகாரியின் கோப்பையும்விட உங்கள் நினைவில் தெளிவாக இருக்கின்றன. அதை எழுதிக் கொடுங்கள். எழுத இயலாதவர் வாயால் சொல்லுங்கள். எழுத உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். சபைக் கூட்டம் நடக்கும் நாளில், நால்வராவது சென்று பார்வையாளராக அமருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு முன்னால் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு தீர்மானம் நிறைவேறாது!

தாய்மார்களே! உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. சபையில் இருக்கும் பெண் உறுப்பினரை வெறும் எண்ணிக்கைக்காக அமர்த்தியவர் என்று யாரும் எண்ணவேண்டாம். குழாயில் நீர் எந்த நாளில் வராது, குப்பை வண்டி எந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழையாது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? அவர் கேட்கும் கேள்வியே சபையில் மிகக் கூர்மையான கேள்வியாக இருக்கும். அவருக்குத் துணை நில்லுங்கள்.

நிறைவாக ஒன்று. அரசனுக்கு அறிவுடைய பெரியோரின் துணை வேண்டும் என்பதை வலியுறுத்த, வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வகுத்தார். தவறும்போது தடுத்துக் கூறும் துணையையே அவர் அங்கே போற்றுகிறார். புகழ்ந்து நிற்கும் கூட்டத்தை அன்று. இங்கே பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடும்பத்திலும் ஒரு காரியத்தை மஷூரா செய்யாமல் நீங்கள் தொடங்குவதில்லை. ஒருவர் மட்டும் பேசி மற்றவர் தலையசைத்தால் அதனை மஷூரா என்பீர்களா? மாட்டீர்கள். மாறுபட்ட கருத்தைச் சொல்ல ஒருவர் இருந்து, அதைக் கேட்க மற்றவர் பொறுத்திருந்தால்தான் அது ஆலோசனை. பிரதேச சபைக்கும் அதே நீதிதான்.

ஆகவே, எம்மை வழிமறித்துக் கேட்ட அந்த அன்பருக்கு இப்போது விடை சொல்வோம். அது தோற்றவர் உட்காரும் நாற்காலி அன்று, நண்பரே. ஊர் தன் காவலுக்கு நிறுத்தி வைத்த நாற்காலி அது. அதில் அமர்பவர் உறங்கினால் தட்டி எழுப்புங்கள். அவர் விலை போனால் அடுத்த முறை வேறொருவரை அனுப்புங்கள். அவர் நேர்மையாகக் கேட்டால், கேட்டதற்காக அவர் தனித்து விடப்படாதபடி பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்த மழை எப்போது வரும் என்று நாம் அறியோம். வருமுன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு அன்றிரவு அக்குறணை உறங்கட்டும்!